நம் வெயிலுக்கு எந்த நீலம்?

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களை மிக அதிகமாக ஏமாற்றும் நிறம் நீலம்தான். இணையக் கடைகளில் ‘நீல ரோஜா விதை’ என்று படம் போட்ட பொட்டலங்கள் விற்கின்றன. படத்தில் இருக்கும் அந்த நீலத்தில் பூக்கும் ரோஜாச் செடி உலகில் எங்குமே இல்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பல ஆண்டுகள் உழைத்து, மரபணு மாற்றம் செய்து, 2004இல் அறிவித்து 2009இல் சந்தைக்குக் கொண்டுவந்த ‘நீல’ ரோஜாகூடப் பார்வைக்கு வெளிர் ஊதாவாகத்தான் இருக்கிறது. பூங்கொத்துக் கடைகளில் காணும் அடர்நீல ஆர்க்கிட் பெரும்பாலும் வெள்ளை ஆர்க்கிட்டுக்குச் சாயம் ஏற்றியது. அடுத்த முறை அந்தச் செடி வெள்ளையாகவே பூக்கும். பூக்கும் தாவர இனங்களில் நீலப் பூ கொண்டவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்கிறார்கள் தாவரவியலாளர்கள். அரிய பொருளுக்கு ஆசை அதிகம். ஆசை அதிகமானால் போலியும் பெருகும். ஆகவே நீலப் பூச்செடியைத் தேடுகிறவர் அதன் படத்தை ஒதுக்கிவிட்டு, அந்த நீலத்தை நம் மண்ணிலும் வெயிலிலும் அந்தச் செடி தானாக உண்டாக்கிக்கொள்ளுமா என்று பார்ப்பதே நல்லது.

இப்படிச் சொல்வதற்கு வேதியியலில் காரணம் இருக்கிறது. பெரும்பாலான நீலப் பூக்களுக்கு நிறம் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமிக் குடும்பம். அதே குடும்பம்தான் சிவப்பையும் ஊதாவையும் தருகிறது. செந்நிற ரோஜாவிலும் ஐரோப்பியக் கோதுமை வயல்களில் பூக்கும் நீலக் கார்ன்ஃபிளவரிலும் அடிப்படை நிறமி ஒன்றே என்று ஜெர்மன் வேதியியலாளர் வில்ஸ்டேட்டர் நூறாண்டுக்கு முன்பே கண்டார். நிறமியோடு எந்த உலோகம் சேர்கிறது, செல்லுக்குள் இருக்கும் சாறு அமிலமா காரமா என்பவற்றைப் பொறுத்தே அது நீலமாகிறது. ‘ஹெவன்லி புளூ’ என்ற மார்னிங் குளோரி வகையின் மொட்டு செவ்வூதாவாக இருக்கும். விரியும்போது இதழ்ச் சாற்றின் பி.எச். அளவு 6.6இலிருந்து 7.7க்கு ஏற, பூ வான்நீலமாகிவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கோ மண்ணே பொறுப்பு. அமில மண்ணில்தான் அலுமினியம் கரைந்து வேர் வழியே பூவுக்கு ஏறும். அது ஏறினால்தான் நீலம். அதே செடியைக் கார மண்ணில் நட்டால் இளஞ்சிவப்பாகப் பூக்கும்.

‘தொட்டி மண்ணில் படிகாரம் கலந்தால் போகிறது’ என்று இதற்கு ஒரு பதில் உண்டு. படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது, மண்ணின் அமிலத்தன்மையையும் அது கூட்டும் என்பதால் பதிலில் தவறில்லை. ஆனால் சமவெளியில் பலரும் ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர். இன்று கூட்டிய அமிலத்தை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். நிறத்தைக் காப்பாற்றினாலும் மே மாதத்தை என்ன செய்வது? குளிர்ச்சிக்குப் பழகிய செடியின் பெரிய இலைகள் காலை பத்து மணிக்கே துவண்டு விழும். டெல்ஃபினியம், லொபீலியா, கார்ன்ஃபிளவர் போன்றவையும் அப்படித்தான். மார்கழிக் குளிரில் சில வாரம் பூத்தாலும் கோடையைத் தாண்டாது. மலைவாசிகள் தாராளமாக வளர்க்கட்டும். சென்னைக்காரரும் மதுரைக்காரரும் அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

அவர்களுக்கு உகந்த முதல் செடி சங்குப்பூதான். இதைச் சொன்னால் ‘வேலியில் தானாக மண்டிக் கிடப்பதை யாராவது தோட்டத்தில் வைப்பார்களா’ என்பார்கள். தானாக மண்டுவதுதான் அதன் தகுதியே. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் கருவிளை என்ற பெயரில் இடம்பெற்ற பூ அது. அதன் நீலத்தின் தரத்துக்கு ஆய்வகச் சான்றும் இருக்கிறது. 2017இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் சாமந்தியை உண்மையான நீலமாக்கிக் காட்டியபோது அதற்குள் செலுத்திய இரண்டு மரபணுக்களில் ஒன்று சங்குப்பூவிலிருந்து எடுத்தது. அவரை, உளுந்து குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் வேர் முடிச்சுகளில் நைட்ரஜனைச் சேர்த்து மண்ணுக்கும் உரம் தரும். விதையின் தோல் கடினமானது. ஓரிரவு நீரில் ஊறவைத்து நட்டால் போதும். கம்பியோ கயிறோ பிடித்து ஏறி, நல்ல வெயிலில் இரண்டு மாதத்துக்குள் பூக்கத் தொடங்கும். காய்களை முற்ற விடாமல் கிள்ளினால் பூ நிற்காது. இதழை வெந்நீரில் போட்டு எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறுவதைப் பார்க்கலாம். மேலே சொன்ன வேதியியல் பாடம் முழுவதும் அந்தக் குவளைக்குள்ளேயே இருக்கிறது.

நாட்டுச் செடி மட்டுமே வேண்டும் என்று நான் வாதாடவில்லை. நர்சரிகளில் ‘புளூ டேஸ்’ என்று விற்கும் தரைபடர் செடி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நாட்டு மருந்துக் கடையில் உலர்த்தி விற்கும் நம் விஷ்ணுகிராந்திக்கு நெருங்கிய உறவு, ஆனால் பூ அதைவிடப் பெரியது. தென்னாப்பிரிக்கப் பிளம்பேகோ நம் வெள்ளைக் கொடிவேலிக்கு உறவு. வெளிர்நீலக் கொத்துகளாகப் பூக்கும், வறட்சியைத் தாங்கும், ஒரு சிறு நீல வண்ணத்துப்பூச்சி அதன் மொட்டுகளைத் தேடி வந்து முட்டையிடும். இரண்டுக்கும் நம் வெயில் பொருந்துகிறது, அது போதும். வெயில் மட்டும் மிக அதிகமாகப் பொருந்திவிட்டாலும் ஆபத்து. அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை நம் ஏரி குளங்களை மூடியதை எல்லோரும் பார்க்கிறோம். அதைத் தொட்டியில்கூட வளர்க்க வேண்டாம். தண்ணீரில் நீலம் வேண்டுமானால், வெயில் விழும் இடத்தில் ஒரு அகலமான தொட்டி வைத்து நீல அல்லியை வளர்க்கலாம். கொசுப் புழுவைத் தின்ன நான்கு கப்பி மீன்களை விட்டால் போதும். பெரிய நீலப் பூ விடும் தன்பர்ஜியா கொடி இந்தியாவுக்கு உரியதுதான், ஆனால் சிறு மாடியில் வைத்தால் கத்தரிக்கோலைக் கீழே வைக்க முடியாது.

‘இவற்றில் பாதி ஊதாதானே, நீலம் எங்கே’ என்பது நியாயமான கேள்வி. டிசம்பர் பூ நிச்சயம் ஊதாதான். பனிக்காலம் முழுவதும் கூடை கூடையாகப் பூக்கிறது, தலையிலும் சூடலாம் என்பதால் நான் அதை மன்னித்துவிடுவேன். கறாரான நீலம் கேட்பவர் காயாவைத் தேடட்டும். கருவிளையோடு அதே பட்டியலில் வரும் காயாதான். கிளையை ஒட்டி அடர்நீலக் கொத்துகள். மெதுவாக வளரும், நர்சரியில் எளிதில் கிடைக்காது, பொறுமையுள்ளவர்களுக்கே சரிப்படும். மழை பெய்ததும் தொட்டி ஓரத்தில் முளைக்கும் கானாம்வாழையின் பூவும் கலப்பில்லாத நீலம். களை என்று பிடுங்கும் முன் ஒரு முறை குனிந்து பார்க்கலாம். எதை வாங்கினாலும் கைப்பேசிப் படத்தை நம்பாமல், பூத்திருக்கும் செடியை வெளிச்சத்தில் நேரில் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

கடைசியாக, நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீலம் தேனீக்களின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். 1910களில் கார்ல் ஃபான் ஃபிரிஷ் சாம்பல்நிற அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையை வைத்து, தேனீக்கள் அதைப் பிரித்தறிவதை நிரூபித்தார். நம் கண்ணுக்கோ நடுப்பகல் வெயிலில் வெளிர்நீலம் வெளுத்துப்போகும். அந்தி மங்கும்போது சிவப்பு இருண்டு நீலம் துலங்கும். ஆனால் புளூ டேஸ் பிற்பகலிலேயே மூடிக்கொள்கிறது, சங்குப்பூவும் ஒரு நாளில் வாடிவிடுகிறது. காலையில் காபியோடு தோட்டத்தில் உட்காருகிறவருக்கு இவை போதும். வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவர், வெள்ளைச் சுவரை ஒட்டிப் பிளம்பேகோவை நடட்டும். அதன் பூ இருட்டும்வரை விரிந்தே இருக்கும்.