ஆயிரத்து இருநூறு பிழைகளாம்!

“அங்கிள், லேப்டாப்புல 1,200 பிழை இருக்குன்னு காட்டுச்சு. காசு கட்டி எல்லாத்தையும் துடைச்சேன். இப்போ வேர்ட் திறக்கவே மாட்டேங்குது.”

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, ஈப்போவில் உள்ள என் பழுதுபார்க்கும் கடைக்கு வந்த படிவம் ஆறு மாணவி சொன்னது இது. இடுபணி ஒப்படைக்க இரண்டே நாள்தான் இருந்தது. அம்மா தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்து வாங்கித் தந்த பழைய மடிக்கணினி. ‘சுத்தம் செய்யும்’ செயலிக்கு 89 ரிங்கிட். அதுவும் அம்மாவின் கார்டிலிருந்துதான்.

அந்தச் செயலி கைவைத்தது ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில். அவளுடைய தாத்தா பால்மரம் சீவியவர் என்றாள். அதனால் இப்படி விளக்கினேன்: தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் புத்தகத்தில், வேலையை விட்டுப் போனவர்கள் பெயர் பத்து இருந்தால் பெரட்டு தாமதமாகுமா? ஆகாது. ஆனால், தெரியாமல் ஒருவர் பெயரை அடித்துவிட்டால் அவருக்குச் சம்பளம் இல்லை. ரெஜிஸ்ட்ரியில் இருப்பவை லட்சக்கணக்கான பதிவுகள். விண்டோஸ் தனக்குத் தேவையானதை மட்டுமே தேடி எடுக்கிறது. சில நூறு பழைய பதிவுகளை நீக்கினால் வேகம் கூடாது. இத்தகைய செயலிகளுக்குத் தன் ஆதரவு இல்லை என்று மைக்ரோசாப்டே அறிவித்திருக்கிறது.

அப்படியானால் அந்த 1,200? பயமுறுத்தும் எண்ணிக்கை, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ கடைகளில் நடந்த இலவசக் கணினிச் சோதனையில், தொடக்கத்தில் கேட்கும் நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலே போதும், கணினியில் தீங்கு இருப்பதாக முடிவு வந்துவிடும். 2019இல் அந்நிறுவனமும் அதன் மென்பொருள் கூட்டாளியும் சேர்ந்து 3 கோடியே 50 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. புகழ்பெற்ற சிகிளீனரும் தப்பவில்லை. 2017இல் அதன் ஒரு பதிப்பிலேயே ஊடுருவிகள் தீநிரலைப் புகுத்திவிட்டார்கள்.

வட்டைச் சுத்தம் செய்வது வேறு. அது பயனுள்ளது. சி டிரைவ் நிரம்பி வழிந்தால் அப்டேட் நிற்கும், கணினியும் திணறும். அதற்குக் காசு வேண்டாம். விண்டோஸ் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ்’ பகுதியிலேயே தற்காலிகக் கோப்புகளை நீக்கலாம். ‘டவுன்லோட்ஸ்’ கட்டத்தில் மட்டும் டிக் போட்டுவிடாதீர்கள். நம் பிள்ளைகள் பாதிப் பேர் இடுபணியை அங்கேதான் வைத்திருக்கிறார்கள்!

அவளுடைய கணினியில் உண்மையான நோய், பழைய சுழல்வட்டும் 4 ஜிபி ரேமும். அந்த 89 ரிங்கிட்டை ஒரு எஸ்எஸ்டி வாங்கப் போட்டிருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்திருக்கும். நான் ஆபீஸ் மென்பொருளை ரிப்பேர் செய்தேன், வேர்ட் திறந்தது. இடுபணிக்கு எந்தச் சேதமும் இல்லை. கோயில் திருவிழா வீடியோக்களைப் பென்டிரைவுக்கு மாற்றியதும் வட்டில் கொஞ்சம் இடம் கிடைத்தது.

கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டாள். அடுத்த ஆண்டு தானாகவே பணம் பிடிக்கும் ஏற்பாட்டையும் என் மேசையிலேயே உட்கார்ந்து நிறுத்திவிட்டுத்தான் பஸ் ஏறப் போனாள்.