ஹெல்மெட் இருந்தும் ஏன் இந்த ஆபத்து?

இலையுதிர் காலம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை இரவுகளில் உயர்நிலைப் பள்ளி மைதானங்கள் களைகட்டத் தொடங்கிவிடும். நம் பிள்ளைகளிலும் சிலர் அமெரிக்கக் கால்பந்து ஆட ஆசைப்பட்டு, கையெழுத்துக்காகப் படிவத்தை நம்மிடம் நீட்டுகிறார்கள். பிள்ளை சற்று வாட்டசாட்டமாக இருந்தால் பயிற்சியாளர் பெரும்பாலும் 'லைன்மேன்' இடத்தில்தான் நிறுத்துவார். அந்த இடத்தில் ஆடுபவரின் தலைக்கு என்ன நேரலாம் என்பதை ஒரு புகழ்பெற்ற வீரரின் வாழ்க்கை வழியாக இந்த இதழில் பார்ப்போம்.

மைக் வெப்ஸ்டரின் கதை

விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்த மைக் வெப்ஸ்டர் 1974-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் சேர்ந்தார். அவருடைய இடம் 'சென்டர்', அதாவது தாக்கும் அணியின் முன்வரிசைக்கு நடுவில். குனிந்து நின்று பந்தைக் கால்களுக்கு இடையே குவார்ட்டர்பேக்கிடம் கொடுக்க வேண்டும். அதே நொடியில் எதிரே நிற்பவர் மீது மோதித் தடுக்க வேண்டும். இப்படி ஓர் ஆட்டத்தில் சுமார் 60 முறை. பயிற்சியில் படும் மோதல்கள் தனிக்கணக்கு.

மொத்தம் 17 பருவங்கள், 245 ஆட்டங்கள். ஸ்டீலர்ஸ் அணியோடு நான்கு சூப்பர் பௌல் வெற்றிகள். 'இரும்பு மைக்' என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். 1997-ல் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவமும் கிடைத்தது. ஆனால் ஓய்வுக்குப் பிறகு நினைவு தடுமாறியது, மனச்சோர்வு வாட்டியது, குடும்பம் பிரிந்தது, சில காலம் தம் வண்டியிலேயே படுத்துறங்கினார். 2002-ல், 50 வயதில், மாரடைப்பால் காலமானார்.

பிரேதப் பரிசோதனை செய்தவர் நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு. வெளிப்பார்வைக்கு மூளை இயல்பாகவே இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் 'டௌ' என்ற புரதம் அங்கங்கே திரண்டு கிடந்தது தெரிந்தது. 2005-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். நோயின் பெயர் 'க்ரானிக் ட்ரோமாட்டிக் என்செஃபலோபதி', சுருக்கமாக சி.டி.இ.

மூளைக்குள் நடப்பது என்ன?

பாட்லக் விருந்துக்குத் தயிரை டப்பாவில் ஊற்றிக் காரில் எடுத்துச் செல்கிறோம். சட்டென்று பிரேக் போட்டால் டப்பாவுக்கு ஒன்றும் ஆவதில்லை. உள்ளே இருக்கும் தயிர்தான் கலங்கிவிடுகிறது. ஹெல்மெட்டும் அப்படித்தான். மண்டையோடு உடையாமல் அது காக்கும். ஆனால் மண்டைக்குள் திரவத்தில் மிதக்கும் மூளை குலுங்குவதை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது. அந்தக் குலுக்கலில் மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. இது பல ஆண்டுகள் தொடரும்போது சிலருக்கு டௌ புரதம் திரண்டு நரம்பணுக்களைப் பாதிக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மயங்கி விழும் அளவுக்குப் பெரிய அடிதான் ஆபத்து என்பதில்லை. எந்த அறிகுறியும் காட்டாத சிறு மோதல்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் கெடுதல்தான். லைன்மேன் வாங்குவது பெரும்பாலும் இந்த வகை மோதல்களே.

பயப்பட வேண்டுமா?

2017-ல் வெளியான ஓர் ஆய்வில், தானமாகக் கிடைத்த முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் 111 மூளைகளில் 110-ல் சி.டி.இ. காணப்பட்டது. ஆனால் சந்தேகம் எழுந்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் தந்தன. எனவே ஆடும் எல்லோருக்கும் இது வரும் என்று கொள்ளக்கூடாது. எத்தனை ஆண்டு ஆடினார்கள் என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடுகிறது. இந்நோயை உறுதியாகக் கண்டறிவது இன்றும் இறப்புக்குப் பின்னரே முடிகிறது. குணப்படுத்தும் மருந்தும் இல்லை. ஆகவே வருமுன் காப்பதே வழி.

பெற்றோர் செய்ய வேண்டியவை

1. வாரத்தில் எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். தொழில்முறை வீரர்களுக்கே 2011 ஒப்பந்தத்தின்படி ஒரு பருவத்துக்கு 14 என்று வரம்பு வைத்தார்கள்.

2. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், குழப்பம், வெளிச்சம் கண்டால் கூச்சம் ஆகியவை 'கன்கஷன்' எனும் மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள். ஒன்று தெரிந்தாலும் அன்று ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மருத்துவர் அனுமதித்த பிறகே, படிப்படியாக மைதானத்துக்குத் திரும்பலாம்.

3. தொடர் வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத உறக்கம், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே 911.

4. மோதல் இல்லாத 'ஃப்ளாக் ஃபுட்பால்' ஆட்டத்தையும் யோசித்துப் பாருங்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதுவும் சேர்க்கப்பட்டுள்ளது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் அடிபட்டதை மறைக்கிறார்கள். அணியில் இடம் போய்விடும், 'அப்பா இனி ஆடவே விடமாட்டார்' என்ற பயம்தான் காரணம். "வலித்தால் சொல்லு கண்ணா, திட்டமாட்டோம்" என்று பருவம் தொடங்கும் முன்பே சொல்லி வைப்போம். படிவத்தில் கையெழுத்திடும் அன்றே அந்தப் பேச்சையும் பேசிவிடுவது நல்லது.