நிலம் நமக்கு முன்னறிவிப்புத் தருகிறதா?

புயல் வருமுன் வானம் கறுக்கிறது. மழை வருமுன் காற்றுக் குளிர்கிறது. நிலநடுக்கம் வருமுன் நம் காலடி மண் ஏதேனும் சொல்கிறதா? சீன நாட்டில் ஒன்றரை ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் இக்கேள்விக்கு இருவேறு விடைகளைத் தந்தன.

1975 பிப்ரவரித் தொடக்கத்தில், வடகிழக்குச் சீனத்தின் ஹைசெங் நகரை அடுத்த பகுதிகளில் சிற்றதிர்வுகள் தோன்றின. நான்கே நாட்களில் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டிற்று. பல ஊர்களில் அதிகாரிகள் மக்களை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். அச்சத்தால் தாமே வெளியேறியவர்களும் உண்டு. கடுங்குளிர்காலம் அது. பிப்ரவரி 4 அன்று மாலை 7.36 மணிக்கு 7.3 அளவுள்ள நிலநடுக்கம் வீடுகளைச் சாய்த்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். அவர்களுள் குளிராலும், தற்காலிகக் குடில்களில் பற்றிய தீயாலும் மடிந்தோரும் அடங்குவர். எனினும் வெளியேறியதால் உயிர் தப்பியவர்கள் மிகப் பலர்.

நிலநடுக்கத்தை வென்றுவிட்டோம் என்னும் நம்பிக்கை பிறந்தது. அது நீடிக்கவில்லை. 1976 ஜூலை 28 அன்று அதிகாலை 3.42 மணிக்கு, நிலக்கரிச் சுரங்க நகரமான தாங்ஷான் உறக்கத்திலேயே இடிந்து வீழ்ந்தது. குறிப்பிடத்தக்க முன்னதிர்வு ஒன்றும் அங்கே தோன்றவில்லை. அரசுக் கணக்கின்படி மாண்டோர் 2 இலட்சத்து 42 ஆயிரத்துக்கும் மேல்!

இவ்வேறுபாடு ஏன்? நிலத்தடிப் பாறைகள் ஓயாது நெருக்குண்டு கிடக்கின்றன. சில இடங்களில் பெரும் பிளவு நழுவுமுன் சிறு பகுதிகள் நழுவி அதிர்கின்றன. வேறு சில இடங்களில் யாவும் ஒரே நொடியில் நழுவிவிடுகின்றன. மேலும், சிற்றதிர்வுகளுள் பெரும்பாலானவை எதையும் தொடராமல் தாமே அடங்கிவிடுகின்றன. ஓர் அதிர்வு முன்னதிர்வா அன்றா என்பது பேரதிர்வு வந்த பின்னரே உறுதியாகிறது. 2011 மார்ச் 9 அன்று சப்பானின் கிழக்குக் கடலில் 7.3 அளவுள்ள அதிர்வு ஏற்பட்டது. இரு நாள் கழித்து, மார்ச் 11 அன்று, 9 அளவுள்ள பேரதிர்வும் ஆழிப்பேரலையும் வந்தபோதுதான் முந்தையது வெறும் முன்னுரை என்று தெரிந்தது.

ஆகவே சிற்றதிர்வுகளை நாம் அசட்டை செய்தலாகாது; அவற்றையே நம்பியிருத்தலும் ஆகாது. தாங்ஷானில் அத்தனை உயிர்களைக் குடித்தது நிலத்தின் அசைவு மட்டுமன்று. அதிர்வைத் தாங்கும்படி கட்டப்படாத செங்கற் சுவர்களும் கூரைகளுமே. நாளும் நேரமும் நமக்குத் தெரியாமற்போகலாம். ஆனால் நம் பிள்ளைகள் உறங்கும் வீட்டின் சுவர் எத்தகையது என்பதை நாம் இன்றே அறியலாம். நிலம் பேசாத நாளிலும் நம்மைக் காப்பது அந்தச் சுவரின் உறுதியே.