அம்மாவுக்கு விடுமுறை எப்போது?

கோடை விடுமுறை என்றதும் பிள்ளைகள் மகிழ்கின்றனர். பணிக்குச் செல்வோர் சில நாள்கள் விடுப்பு எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் வீட்டில் உள்ள தாய்க்கு விடுமுறை எப்போது? நம் குடும்பங்களில் இந்தக் கேள்வியை யாரும் எளிதில் கேட்பதில்லை.

ஐம்பது வயதை நெருங்கும் ஒரு தாயிடம், "மறக்க முடியாத விடுமுறை எது?" என்று கேட்டுப் பாருங்கள். பலரும் சிறுவயதில் அம்மாச்சி வீட்டுக்குச் சென்றதைத்தான் சொல்வார்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, மதுரையிலிருந்து போடி செல்லும் மீட்டர்கேஜ் ரயில். சன்னலோர இடத்துக்குத் தம்பியோடு சண்டை. கட்டுச்சோற்றோடு வைகை அணைப் பூங்காவில் ஒரு நாள். அகலப்பாதைப் பணிக்காக 2010 முடிவில் நிறுத்தப்பட்ட அந்த ரயில் சேவை 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் மீண்டும் வந்துவிட்டது. ஆனால் வாசலில் வழிபார்த்து நின்ற அம்மாச்சி பல குடும்பங்களில் இன்று இல்லை.

ஏன் அந்தப் பழைய நினைவுகளே முந்திக்கொண்டு வருகின்றன? நாற்பதைக் கடந்தவர்களுக்கு ஏறத்தாழ 10 முதல் 30 வயதுவரை நடந்தவையே அதிகமாக நினைவில் நிற்கும் என்று உளவியலார் விளக்குகின்றனர். இன்னொரு காரணமும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த விடுமுறையில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டார், வேறொருவர் பரிமாறினார். திருமணத்துக்குப் பின் வந்த விடுமுறைகளில் அவரே பரிமாறுகிறார். கொடைக்கானலுக்குப் போனாலும், வேளாங்கண்ணிக்குப் போனாலும், துணிகளை எடுத்து வைப்பதும், மாத்திரைகளை மறக்காமல் எடுப்பதும், திரும்பி வந்து அழுக்குத் துணி துவைப்பதும் அவர் வேலைதான். இடம் மாறுகிறது, வேலை மாறுவதில்லை.

தல்லாகுளம் பகுதியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குவதற்கு முந்தின நாள் இங்கே எதிர்சேவை நடக்கும். அந்நாள்களில் சித்திரைப் பொருட்காட்சியும் உண்டு. எனவே சமய வேறுபாடின்றி எல்லா வீடுகளுக்கும் உறவினர் வந்து இறங்குவர். வந்தவர்களுக்கு அது விடுமுறை. வீட்டுக்காரம்மாவுக்கோ ஆண்டின் மிகக் கடினமான வாரம். வந்தவர்களும் மனம் நிறைந்து, "உங்க வீட்டுக்கு வந்தாத்தான் லீவு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. நம் நாட்டில் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகின்றனர் என்று 2024இல் நடுவண் அரசு ஆய்வு நடத்தியது. ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். 2019இல் இது 299, 97 நிமிடங்களாக இருந்தது. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆண்கள் தங்கள் பங்கிலும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டனர்! 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது, இந்த உழைப்புக்கு ஓர் அங்கீகாரம் கிடைத்தது. பணத்தை அரசு தரலாம். ஓய்வை வீட்டார்தான் தர முடியும்.

திருவிவிலியம் ஓய்வை ஒரு கட்டளையாகவே தருகிறது. விடுதலைப் பயண நூல் 20ஆம் அதிகாரத்தில் மகன், மகள், பணியாளர், அந்நியர், கால்நடை என எல்லாருக்கும் ஓய்வு உண்டு. மாட்டுக்கும் ஓய்வு வேண்டும் என்ற கடவுள், தாய்க்கு வேண்டாம் என்பாரா? மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில், வருவோரும் போவோருமாய்க் கூட்டம் மிகுந்து, சாப்பிடவும் நேரமின்றித் தவித்த சீடரை இயேசு தனியிடம் சென்று இளைப்பாற அழைக்கிறார். விருந்தினர் நிறைந்த வீட்டில், எல்லாரும் உண்டபின் கடைசியாகச் சாப்பிட அமரும் தாயும் அந்தச் சீடரின் நிலையில்தான் இருக்கிறார்.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அம்மா மகிழ்ந்திருந்த அந்தப் பழைய விடுமுறையில், அம்மாச்சி அடுப்படியில் நின்றிருந்தார். அந்த நாள்களைப் பற்றி அம்மாச்சியிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு தலைமுறைப் பெண்ணின் ஓய்வின்மைதான் அடுத்த தலைமுறையின் இனிய நினைவாக இருந்திருக்கிறது. இந்தச் சங்கிலி நம் காலத்திலாவது அறுபட வேண்டும்.

அதற்குப் பெரும் செலவு தேவையில்லை. உறவினர் வரும் நாள்களில் காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, கடைக்குப் போவது ஆகியவற்றை ஆண்களும் பிள்ளைகளும் வந்தவர்களும் பகிர்ந்துகொள்ளலாம். ஆண்டில் சில நாள்களாவது அம்மா தனியே தம் உடன்பிறந்தோர் வீட்டுக்கோ, பள்ளித் தோழியைப் பார்க்கவோ சென்று வரட்டும். அந்நாள்களில், "உப்பு எங்கே இருக்கு?" என்று போனில் கேட்காமல் இருந்தாலே பேருதவி.

இந்த விடுமுறையில் ஒரு வேளையாவது அம்மாவை முதலில் உட்காரவைத்துச் சூடாகப் பரிமாறுவோம். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் அவரை எழுப்பாதிருப்போம். நாளை அவர் சொல்லப்போகும் விடுமுறை நினைவுகளில் அந்த நாளும் இடம்பெறட்டும்.