குளத்தில் மிதக்கும் மேடை: குறைந்த செலவில் அமைக்கும் முறை

கொழும்புப் பேரை வாவியின் நீர்ப்பரப்பில் அமைந்துள்ள சீமா மாலகத்தை அவ்வழிச் செல்வோர் கண்டிருப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு எழுப்பப்பட்ட முதற் கட்டிடம் சிறிது சிறிதாக நீரில் அமிழ்ந்து போயிற்று. இன்றுள்ள மண்டபங்கள் 1976ஆம் ஆண்டில், கட்டிடக் கலைஞர் ஜெப்றி பாவாவின் திட்டப்படி அமைக்கப்பட்டவை. அவற்றைக் கரையோடு இணைப்பவை மிதவைப் பாலங்களாகும். அடியில் ஆழ்ந்த சேறுள்ள நீர்நிலையில் தூண் நாட்டுவது பெருஞ்செலவு. மிதவையோ சேற்றைப் பொருட்படுத்துவதில்லை.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வசித்து, நகருக்கு வெளியே தோட்டமும் அதனுள் ஒரு சிறு குளமும் உடையோர்க்கு இத்தகைய மேடை பலவகையிற் பயன்படும். மீனுக்கு இரையிடலாம், பாசி களையலாம், நீர் இறைக்கும் குழாயின் வாயைச் சேற்றில் அமிழாது தொங்கவிடலாம். தெப்பத் திருவிழாவைக் கண்டோர்க்கு முறையும் புதிதன்று. மயிலாப்பூரில் வெற்றுப் பீப்பாய்களின் மேலேயே தெப்பம் கட்டப்படுகின்றது.

எட்டடி அகலமும் பத்தடி நீளமும் கொண்ட மேடைக்கு 200 லீற்றர் கொள்ளும் பிளாஸ்ரிக் பரல்கள் ஆறு போதும். பூச்சிநாசினியோ அமிலமோ இருந்த பரலை எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் வாங்கலாகாது. கழுவிய பின்னும் எஞ்சும் நஞ்சு மீனைக் கொல்லும். உணவெண்ணெய் வந்த பரலே உகந்தது. இரும்புப் பரல் சில ஆண்டுகளில் துருவேறி ஓட்டையாகிவிடும்.

எடைக் கணக்கே இவ்வேலையின் உயிர்நாடி. ஒரு பரல் முழுதும் அமிழ்ந்தால் ஏறக்குறைய 200 கிலோகிராம் நீரை விலக்கும். அவ்வளவு பாரத்தையே அது தாங்கும். ஆனால் பாதி அமிழும் அளவையே கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். அவ்வாறாயின் ஆறு பரல்களும் 600 கிலோகிராம் தாங்கும். சட்டம், பலகை, பரல் ஆகியவற்றின் எடை 220 கிலோகிராம் எனக் கொண்டால் எஞ்சுவது 380. ஐவர் ஏறலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கின்றது. மீனைப் பார்க்க ஐவரும் ஒரே ஓரத்திற்கு வந்தால், அப்பக்கத்துப் பரல்கள் முக்காற் பங்குக்கு மேல் அமிழ்ந்து, மறுபக்கம் மேலெழும். ஈரப் பலகையில் நின்றோர் நீரினுள் வழுக்கி விழுவர். ஆகவே ஒரு வேளையில் மூவருக்கு மேல் ஏறுதல் கூடாது. நீந்தத் தெரியாதோரும் சிறுவரும் உயிர்காப்பு மேலங்கியின்றி ஏறவே கூடாது.

பரல்களைப் பத்தடிப் பக்கங்களின் ஓரத்தில் மும்மூன்றாகப் படுக்க வைத்தல் வேண்டும். நடுவில் வைத்தால் மேடை ஊஞ்சலாடும். மூடிகள் மேல்நோக்கியிருத்தல் அவசியம். வெயிலிற் சூடேறி விரிந்த காற்று மழையிற் குளிர்ந்து சுருங்கும்போது, மூடி நீருக்குள் இருந்தால் அதன் வழியே பரல் நீரை உறிஞ்சிவிடும். ஒவ்வொரு பரலையும் இரண்டு பட்டிகளாற் சட்டத்தோடு இறுக்கி, இருபுறமும் தடுப்புப் பலகை அறைதல் நலம். சட்டத்திற்குத் தென்னை மரம் போதும். இலங்கையில் தெப்பங்களுக்கும் வள்ளங்களின் மிதவைக்கட்டைக்கும் பயன்பட்ட மலைவேம்பு பாரங்குறைந்தது. ஆணியிலும் மரையாணியும் சுரையுமே அசைவைத் தாங்கும். பழைய இயந்திர எண்ணெயை மரத்திற் பூசும் வழக்கத்தைக் குளத்தில் கைவிடுதல் வேண்டும்.

பங்களாதேசத்தில் ஆகாயத்தாமரையை அடுக்கி, அதன்மேற் காய்கறி பயிரிடுவர். உலக உணவு விவசாய நிறுவனம் 2015இல் அதனைச் சிறப்புமிக்க பாரம்பரிய வேளாண் முறையாக ஏற்றது. ஆயினும் இலங்கையில் ஆகாயத்தாமரைக்கு எதிராக 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. எனவே மேடைக்கென்று அதனைத் தேடிக் கொணர்தல் தகாது. பூச்சட்டிகளே போதும்.

மேடையை நான்கு மூலைகளிலும் நங்கூரமிட்டுக் கட்டுக. சீமெந்து நிரப்பிய வாளியே நங்கூரமாகும். கயிறு நீரின் ஆழத்தைப் போல் மும்மடங்கு நீளமாயிருத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை பெருகியதைக் கொழும்பு மக்கள் மறந்திரார். அத்தகைய மழையில் நீர்மட்டம் விரைந்து உயரும். கட்டையாகக் கட்டிய கயிறு மேடையைக் கீழே இழுத்து அமிழ்த்திவிடும்.

வேலை முடியுமுன் வாங்கிவைத்த பரல்களையும் வாளிகளையும் முற்றத்திற் கவிழ்த்தே வைத்தல் வேண்டும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். அந்நுளம்பு பெருகச் சிறிது மழைநீரே போதும்.

முடிந்த மேடையில் ஆள் ஏறுமுன், 50 கிலோகிராம் மணல் மூட்டைகள் நான்கை ஓர் ஓரத்தில் அடுக்கி, ஒரு நாள் விட்டுப் பார்க்க. பின்னர் மாதமொருமுறை ஒவ்வொரு பரலையும் தட்டிப் பார்த்தல் வேண்டும். வெற்றுப் பரல் கணீரென ஒலிக்கும். மந்தமாக ஒலிப்பது நீர் புகுந்த பரல். அதனை அன்றே மாற்றுக.