கண்ணாடியில் ஆடும் பெண்கள்

ரெனே லாலிக் செய்த ‘பாக்காந்த்’ பூச்சாடியில் பூ வைக்கவே கூடாது என்பேன். ஏறக்குறைய ஒரு சாண் உயரம்தான் இருக்கும். சாடியைச் சுற்றி ஆடையற்ற பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். அதற்குள் நாலு ரோஜாவைச் செருகினால் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

சாடி வெளிவந்த ஆண்டு 1927. அந்தப் பெண்கள் கிரேக்கரின் மதுக்கடவுள் டயோனிசஸின் அடியார்கள். ரோமானியர் அவரை பாக்கஸ் என்பார்கள். லாலிக் பிறந்த ஆயி, ஷாம்பெயின் மதுவுக்குத் திராட்சை விளையும் பிரெஞ்சு ஊர். பாக்கஸ் அவருக்கு ஒருவகையில் ஊர்ச்சாமி!

நகை செய்வதில் பேரெடுத்த பிறகே அவர் கண்ணாடிக்கு வந்தார். உருகிய கண்ணாடியை அச்சில் இட்டு அழுத்தி வடிவம் எடுத்தார்கள். பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் என்பதால் எனக்கு அதன் நிறத்தில்தான் மயக்கம். பால்போன்ற நீலம் அது. விளக்கைப் பின்னால் வைத்தால் தேன் நிறமாகிவிடும். கண்ணாடி ஆறும்போது உள்ளே நுண்துகள்கள் உருவாகி நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. வானம் பகலில் நீலமாகவும் அந்தியில் சிவப்பாகவும் தெரிவதற்கும் இதே சிதறல்தான் காரணம். தடித்த இடம் மெதுவாக ஆறுவதால் அங்கே துகள் அதிகம். ஆகவே புடைத்து நிற்கும் உடல்கள் ஒளிர, இடைவெளிகள் தெளிந்து கிடக்கின்றன.

ஆனால் மூலக்கதை இவ்வளவு அழகாக இல்லை. யூரிப்பிடீஸின் கிரேக்க நாடகத்தில் இந்தப் பெண்கள் மலையில் வெறிகொண்டு ஆடுகிறார்கள். பென்தியஸ் என்ற அரசனைப் பெற்ற தாயே, தன் மகன் என்று அறியாமல், மற்றவர்களோடு சேர்ந்து பிய்த்துப் போடுகிறாள். வரவேற்பறைக்கு வரும்போது லாலிக் அந்த ரத்தத்தைக் கழுவிவிட்டார். விற்க வேண்டுமே!

கி.பி. 4ஆம் நூற்றாண்டு ரோமானியக் கைவினைஞர் அப்படிக் கழுவவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள லைகர்கஸ் கிண்ணத்தில், டயோனிசஸை எதிர்த்த மன்னன் லைகர்கஸைத் திராட்சைக்கொடி இறுக்குகிறது. அவன் தாக்கிய அம்ப்ரோசியா என்ற தேவதைதான் அந்தக் கொடியாக மாறியவள். கண்ணாடியில் கலந்த தங்க, வெள்ளி நுண்துகள்களால் முன்னிருந்து ஒளி பட்டால் கிண்ணம் பச்சை. பின்னிருந்து வந்தால் சிவப்பு. அந்தச் சிவப்பிலும் மன்னனின் உடல் ஊதா பாய்ந்து தெரிகிறது. மூச்சுத் திணறுபவனுக்கு அதுதானே நிறம்? அந்தத் துணிச்சலில் பாதியாவது லாலிக்குக்கு இருந்திருக்கலாம்.