விபத்தின் பின் மீண்டும் ஓடலாமா?



பணம் கொடுத்துப் பயத்தை வாங்கும் வழக்கம் மனிதனுக்கு மட்டுமே உரியது. நம் ஊர்க் களியாட்ட விழாவிலே இராட்டினத்தில் ஏறி, உச்சிக்குச் சென்றதும் கண்களை இறுக மூடிக்கொண்டு அலறுகின்ற சிறுவன், கீழே இறங்கியதும் இன்னொரு முறை ஏறவேண்டுமென்று தந்தையின் கையைப் பற்றி இழுக்கின்றான். அவன் அஞ்சியது உண்மை. தனக்கு ஒன்றும் நேராது என்று உள்ளூர நம்பியதும் உண்மை. அந்த நம்பிக்கை ஒருநாள் பொய்த்துவிடுமாயின், அதே இராட்டினத்தை மறுபடியும் சுழலவிடுதல் தகுமா? இவ்வினாவை ஆராய்வதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு விபத்தினை எடுத்துக்கொள்கின்றேன்.

இங்கிலாந்தின் ஸ்ரபோட்சயர்ப் பகுதியில் அல்ரன் ரவர்ஸ் என்னும் பெரியதொரு களியாட்டப் பூங்கா இருக்கின்றது. அங்கே 2013ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி ஸ்மைலர் என்ற ரோலர் கோஸ்ரர் திறந்துவைக்கப்பட்டது. ரோலர் கோஸ்ரரை நேரிற் காணாத நேயர்கள், புகையிரதத் தண்டவாளத்தை மேலே உயர்த்தி, வளைத்து, முறுக்கி, முடிச்சிட்டு வைத்திருப்பதாக மனத்திற் கற்பனை செய்துகொள்ளலாம். வண்டிக்குச் சாரதியும் இல்லை, சொந்த இயந்திரமும் இல்லை. சங்கிலியொன்று அதனை மேட்டின் உச்சிவரை இழுத்துச் சென்று கைவிட்டுவிடும். அதன் பின்னர் தன் பாரமே தன்னை இழுக்க, அது விழுந்தும் எழுந்தும் ஓடும். ஸ்மைலரின் உயரம் 30 மீற்றர். வேகம் மணிக்கு 85 கிலோமீற்றர். ஓர் ஓட்டத்திலே பயணிகளை 14 தடவைகள் தலைகீழாகப் புரட்டும். இத்தனை தடவை புரட்டும் வண்டி அதற்கு முன் உலகில் வேறெங்கும் இருந்ததில்லை. 18 மில்லியன் பவுண் செலவிற் கட்டப்பட்டதாம்.

ஒரே தண்டவாளத்தில் ஒரே வேளையிற் பல வண்டிகள் ஓடுமாயின் அவை ஒன்றோடொன்று மோதாதிருப்பது எங்ஙனம்? இதற்கான விடை நமக்குப் புதியதன்று. நம் நாட்டில் ஒற்றைத் தண்டவாளப் பாதையிற் பிரயாணஞ் செய்தவர்கள், நிலைய அதிபர் பெரிய வளையமொன்றைச் சாரதியின் கையில் நீட்டுவதைக் கண்டிருப்பர். அவ்வளையத்தோடு இணைந்த பையிலுள்ள தகடு கையில் இருந்தாலன்றிச் சாரதி அடுத்த நிலையத்தை நோக்கிப் புறப்படலாகாது. இரு நிலையங்களுக்கிடையே ஒரே தகடுதான் வெளியே இருக்கலாம். ஆகவே அங்கே ஒரு வண்டிக்கு மேல் இருக்க முடியாது. ரோலர் கோஸ்ரரிலும் பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னுள்ள பகுதியில் வண்டி நின்றால், பின்னால் வரும் வண்டியைக் கணினி தானே நிறுத்திவிடும். நிலைய அதிபரின் வேலையைக் கணினி செய்கின்றது, வேறுபாடு அவ்வளவே.

இனி, 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2ஆந் திகதி நடந்ததைச் சொல்கின்றேன். அன்று பலமான காற்று வீசியது. மணிக்கு 34 மைலுக்கு மேல் காற்று வீசும்போது வண்டியை ஓட்டலாகாது என்பது அதனைச் செய்தவர்களின் அறிவுறுத்தல்; அன்றைய காற்று ஏறத்தாழ 45 மைல் வேகத்தை எட்டியதென நீதிமன்றத்திற் பின்னர் கூறப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த நான்கு வண்டிகளோடு அன்று ஐந்தாவது வண்டியும் சேர்க்கப்பட்டது. ஆளில்லாமற் சோதனைக்காக விடப்பட்ட வண்டியொன்று, பாரமின்மையாலும் எதிர்க்காற்றாலும் ஒரு வளைவைத் தாண்டமாட்டாது, பின்னோக்கி உருண்டு பள்ளத்தில் நின்றுவிட்டது. கணினி தன் கடமையைச் செய்தது. 16 பேரை ஏற்றிய அடுத்த வண்டியை அது மேட்டிலே தடுத்து நிறுத்தியது.

இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். இரும்பும் கணினியும் அதுவரையிற் பிழை செய்யவில்லை. வண்டி ஏன் நின்றதென்று பார்க்க வந்த தொழில்நுட்பவியலாளர்கள், பள்ளத்திற் கிடந்த வெறுவண்டியைக் கவனிக்கவில்லை. எத்தனை வண்டிகள் பாதையில் இருக்கின்றன என்பதிலும் அவர்களிடையே குழப்பம் இருந்தது. பழுது ஏதோ கணினியில்தான் என்று எண்ணி, அதன் கட்டளையை மீறிக் கையால் வண்டியை விடுவித்தார்கள். அது சென்று நின்ற வண்டியில் மோதியது. ஒன்றரைத் தொன் எடையுள்ள மோட்டார் வண்டி 90 மைல் வேகத்தில் மோதுவதற்கு ஒப்பான மோதல் அதுவென நிபுணர்கள் கணக்கிட்டனர். 16 பேரும் காயமுற்றனர். அவர்களுள் ஐவர் நிலை படுமோசம். இளம் பெண்கள் இருவர் தத்தம் காலொன்றை இழந்தனர். அவசர உதவிக்கு அழைப்பு விடுக்கப்படுவதற்கே 17 நிமிடங்கள் கழிந்தன. வண்டி தரையிலிருந்து ஏறத்தாழ 20 அடி உயரத்திற் சாய்ந்து தொங்கியபடியால், மேடை அமைத்து அதன்மேல் நின்றே காயமுற்றோரை விடுவிக்க வேண்டியிருந்தது. அதற்கு நான்கு மணித்தியாலங்களுக்கு மேற் சென்றது.

பூங்கா சில நாட்கள் பூட்டப்பட்டிருந்து, ஜூன் 8ஆந் திகதி திறக்கப்பட்டது. ஸ்மைலர் மட்டும் திறக்கப்படவில்லை. அதே கொம்பனிக்குச் சொந்தமான வேறு பூங்காக்களிலும் இதனையொத்த சில வண்டிகள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன.

விபத்து நிகழ்ந்த இடத்திலே முதற் கேள்வி எப்போதும், “யார் செய்தது?” என்பதுதான். பாடசாலையில் முப்பது வருடங்களாக நான் கேட்டு வருவதும், வெட்கத்தோடு சொல்கின்றேன், பெரும்பாலும் அதே கேள்விதான். அந்த ஆண்டு நவம்பரில் மேர்லின் கொம்பனி வெளியிட்ட முடிவும் ஆட்களின் தவறென்றே சொல்லியது: உரிய நடைமுறையைப் பின்பற்றாது பாதுகாப்புக் கட்டளை மீறப்பட்டதாம். ஆனால் தொழிற் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசாங்க நிறுவனம் இதனோடு நின்றுவிடவில்லை. இத்தகைய தீர்மானத்தை எவர் எடுப்பது, எதனைப் பார்த்த பின் எடுப்பது என்பதற்குத் திட்டமான ஒழுங்கொன்றைக் கொம்பனி வகுத்துக் கொடுக்கவில்லை. எனவே குற்றம் தனியாட்களுடையதன்று, ஏற்பாட்டினுடையது என்று அது வாதிட்டது. கொம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2016ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 27ஆந் திகதி ஸ்ரபோட் நீதிமன்றம் 5 மில்லியன் பவுண் அபராதம் விதித்தது.

இவ்விடத்தில் என் அனுபவமொன்று நினைவுக்கு வருகின்றது. நான் இளம் ஆசிரியனாய் இருந்த பாடசாலையொன்றில், ஊஞ்சலிலிருந்து விழுந்த மாணவியொருத்தியின் கை முறிந்தது. மறுநாளே ஊஞ்சலைக் கழற்றிக் களஞ்சிய அறையிற் போட்டோம். பெற்றோர் திருப்தியுற்றனர், எங்களுக்கும் பெரிய ஆறுதல். ஒரு மாதத்துக்குள் பிள்ளைகள் வேலியோரத்துப் புளியங்கொம்பில் மாட்டுக் கயிற்றைக் கட்டி ஆடத் தொடங்கிவிட்டார்கள். அந்த இடைவேளைகளில் மேற்பார்வைக்கு ஆசிரியர் எவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை என்பதை நாங்கள் அப்போதுதான் உணர்ந்தோம். குற்றம் ஊஞ்சலில் இருக்கவில்லை.

ஆகவே, ஒருவர் ஊனமுற்ற இடத்தில் இன்னொருவர் சிரித்து மகிழலாகாது, அதனை உடைத்து எறியுங்கள் என்பாரின் மனவேதனையை மதிக்கின்றேன். ஆயினும் அதனையே பொது விதியாக ஏற்கமாட்டேன். உடைக்கத்தக்கவை உண்டு. இலண்டன் பற்றர்சிப் பூங்காவில் 1951ஆம் ஆண்டு தொடக்கம் மரத்தாலான ரோலர் கோஸ்ரர் ஒன்று ஓடியது. 1972ஆம் ஆண்டு மே மாதம் 30ஆந் திகதி, வண்டியை மேலே இழுக்கும் கயிற்றிலிருந்து அது விடுபட்டுப் பின்னோக்கி ஓடியதில் ஐந்து பிள்ளைகள் மாண்டனர். பின்னோட்டத்தைத் தடுக்கவேண்டிய சாதனமும் அதனைத் தடுக்கவில்லை. அவ்வண்டி மீண்டும் ஓடவில்லை; ஓடாதது நன்றே. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த நீர்ச்சறுக்கு என்று பெருமையடித்துக் கட்டப்பட்டதொன்றில், 2016ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் பத்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அவன் இருந்த படகு மேட்டிற் பாதையை விட்டு மேலெழுந்தது. அங்கே குறை அமைப்பிலேயே இருந்தது. எத்துணை கவனமாக ஓட்டினாலும் அது தீராது. 2018ஆம் ஆண்டு அதனை இடித்தார்கள்.

ஸ்மைலரின் கதை வேறு. தடுக்கவேண்டிய வேளையில் அதன் பாதுகாப்புச் சாதனம் தடுத்தது. அதனை மீறும் அதிகாரம் இலகுவாகக் கைக்கெட்டியதே கேடு. எனவே அவ்வண்டியை இடித்துவிட்டு, அதே ஆட்களையும் அதே ஒழுங்கின்மையையும் பக்கத்து வண்டிக்கு மாற்றுவதால் என்ன பயன்? திருத்தவேண்டியது விதியை. அதனையும் அவர்கள் ஓரளவு செய்தார்கள். பாதுகாப்புக் கட்டளையை மீறுவதற்கு முன், மேலும் ஒருபடி உயர்ந்த அதிகாரியின் அனுமதி வேண்டுமென்று விபத்து நடந்த சில நாட்களுக்குள்ளேயே அறிவித்தார்கள். இது போதுமா என்றால், தனியே போதாது என்பேன். தொலைபேசியில் “சரி, விடுங்கள்” என்று சொல்லும் மேலதிகாரி, பள்ளத்தை எட்டிப் பார்க்காத கீழதிகாரியிலும் ஆபத்தானவர். பாதை முழுவதும் வெறுமையாயிருப்பதை ஒருவர் தம் கண்ணாற் கண்டு, வண்டிகளை எண்ணிக் கையொப்பமிட வேண்டும். காற்றின் வேகம் எல்லை கடந்தால் வரிசையில் எத்தனை பேர் முணுமுணுத்தாலும் நிறுத்தவேண்டும். விபத்து நேர்ந்தால் முதல் நிமிடத்திலேயே உதவிக்கு அழைப்பவர் யாரென்பதும் முன்கூட்டியே நிச்சயிக்கப்படவேண்டும். இவை ஒழுங்காயின், வண்டி ஓடுவதை நான் எதிர்க்கேன்.

காலத்தைக் குறித்து மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. கொம்பனி மீது வழக்குத் தொடரப்படும் என்ற அறிவித்தல் 2016ஆம் ஆண்டு பெப்ருவரியில் வெளியானது. ஸ்மைலர் மார்ச் மாதம் 19ஆந் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. கொம்பனி நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டது அதற்கும் ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 22ஆந் திகதி. காலை இழந்தவர்களின் வழக்கு முடியும்வரையேனும் காத்திருந்தால் ஒரு பருவகாலத்து வருமானம் குறைந்திருக்கும். பூங்காவின் வருமானம் ஏற்கெனவே வீழ்ந்து, ஆட்குறைப்பும் அறிவிக்கப்பட்டிருந்தது என்பதை அறிவேன். ஆயினும் ஏறுகின்றவன் எதனை நம்பி ஏறுகின்றான் என்பதையும் எண்ணவேண்டாமா? மார்ச் மாதத்து அந்தச் சனிக்கிழமை, வரிசையில் நின்று ஏறியவர்களுக்கு வண்டியில் ஆட்கள் தவறு செய்தார்கள் என்பது தெரியும். அந்தத் தவறுக்கு இடங்கொடுத்த ஏற்பாட்டின் முழு விபரமும் நீதிமன்றத்தில் விரித்துரைக்கப்படுவதற்கு அன்று இன்னும் ஆறு மாதங்கள் இருந்தன.